சட்டம் வகுத்த வடிவங்கள்: தென்னாப்பிரிக்கக் கறுப்பின எழுத்து, 1951–1984

தென்னாப்பிரிக்காவில் 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, மக்களை நிறத்தால் பிரித்து வைக்கும் அபார்ட்ஹெய்ட் என்னும் இன ஒதுக்கல் கொள்கையைச் சட்டங்களாக்கியதும், கறுப்பின எழுத்தாளர்கள் அதை எதிர்த்து எழுதியதும் பலரும் அறிந்த செய்தி; அவர்கள் எந்தக் காலத்தில் எந்த இலக்கிய வடிவத்தை நாடினார்கள் என்பதையும் அதே சட்டங்களே பெருமளவு தீர்மானித்தன என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1951இல் கேப்டவுனில் தொடங்கி விரைவில் ஜோகனஸ்பர்க்குக்கு இடம்பெயர்ந்த 'டிரம்' இதழ், வெள்ளையரின் முதலீட்டில் நடந்து, அழகிகளின் படங்களையும் குத்துச்சண்டைச் செய்திகளையும் நம்பி விற்ற வணிக இதழ்தான். எனினும் ஹென்றி நுமாலோ 1952இல் பெத்தால் வட்டாரத்துப் பண்ணைகளில் கூலியாட்கள் பட்ட கொடுமையை அம்பலப்படுத்தியது அதன் பக்கங்களில்தான். 1954இல் வேண்டுமென்றே கைதாகி ஜோகனஸ்பர்க் சிறைக்குள் சென்று மீண்ட அவர், கைதிகளை ஆடை களைந்து குதிக்கச் செய்து சோதிக்கும் 'தாவுசா' என்னும் வழக்கத்தை எழுதினார். அருகிலிருந்த கட்டடத்தின் மாடியிலிருந்து பாப் கோசானி எடுத்த படமும் உடன் வெளியானதால் மறுப்புக்கு இடமில்லாமல் போயிற்று. கேன் தெம்பா, டாட் மட்சிகிசா, புளோக் மொடிசேன், எஸ்கியா ம்பாலேலே ஆகியோரை வளர்த்ததும் இவ்விதழே. நெருக்கடியான ஒற்றையறை வாழ்க்கையும், 'பாஸ்' எனப்பட்ட அனுமதிச்சீட்டுக்காக எந்நேரமும் கைதாகக்கூடும் என்ற நிலையும் நாவலுக்கு வேண்டிய நீண்ட பொழுதைத் தரவில்லை. ஆகவே அக்காலத்தின் வடிவம் சிறுகதை ஆயிற்று.

கறுப்பினத்தவர் சொந்தமாக நிலம் வைத்திருக்க முடிந்த சோஃபியாடவுன் குடியிருப்பு 1955 பிப்ரவரி முதல் இடிக்கப்பட்டபோது, அவ்வெழுத்தாளர்களில் பலர் தம் வாழ்விடத்தையும் கதைக்களத்தையும் ஒருசேர இழந்தனர். ஒவ்வொருவராக நாட்டை விட்டு வெளியேறினர். ம்பாலேலே 1959இலும், மட்சிகிசா 1961இலும், மொடிசேன் 1963இலும் லண்டனில் வெளியிட்டவை மூன்றும் தன்வரலாறுகள் என்பது தற்செயல் அன்று: ஊரை இழந்தவர்களிடம் எஞ்சியிருந்தது நினைவே. அந்நூல்கள் அயல்நாட்டு வாசகருக்கு விளக்கம் சொல்வதில் சற்று அதிகமாகவே பக்கங்களைச் செலவிட்டன என்பதும் உண்மை.

எழுத்தை ஒடுக்கிய ஆயுதங்களில் மிகக் கொடியது 1950ஆம் ஆண்டின் கம்யூனிச ஒழிப்புச் சட்டம் எனலாம். அதன்கீழ் 1966இல் பெயர் அறிவிக்கப்பட்ட எழுத்தாளர்களின் ஒரு வரியைக்கூட உள்நாட்டில் அச்சிடவோ மேற்கோள் காட்டவோ கூடாது என்றாயிற்று. அவர்கள் கம்யூனிஸ்டுகளா அல்லரா என்பது அங்கே பொருட்டாகவே இருக்கவில்லை. இதனால் 1970களில் எழுத வந்த இளைஞர்கள், தங்களுக்கு முன்னோடிகளே இல்லாதவர்கள்போலத் தொடங்க நேர்ந்தது. ஒரு தலைமுறையைச் சிறையிலடைப்பதைவிட இது திறமையான அழிப்பு.

அவ்விளைஞர்கள் கவிதையைக் கைக்கொண்டனர். ஆஸ்வால்ட் முட்சாலியின் முதல் தொகுப்பு 1971இலும் மொங்கானே செரோட்டேயின் முதல் தொகுப்பு 1972இலும் வெளிவந்தன. கவிதை சுருங்கச் சொல்வது, உருவகத்துக்குள் ஒளிந்துகொள்ளக்கூடியது, எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சகத்தின் தயவின்றிக் கூட்டங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் உரக்கப் படிக்கத்தக்கது. 1976ஆம் ஆண்டு சொவெட்டோ மாணவர் எழுச்சிக்குப் பின் அதில் உருவகம் குறைந்து முழக்கம் மிகுந்தது. 1978இல் ராவன் பதிப்பகம் தொடங்கிய 'ஸ்டாஃப்ரைடர்' இதழின் முதல் இதழே தடைசெய்யப்பட்டது. ஆயினும் இதழ் நிற்கவில்லை.

இந்த முழக்கத்தின்மீது மிகக் கூர்மையான விமர்சனம் உள்ளிருந்தே வந்தது. கறுப்பின எழுத்து ஒடுக்குமுறையின் காட்சிகளை அடுக்குவதிலேயே நிறைவு காண்கிறது, ஒடுக்கப்பட்டோரின் அன்றாட வாழ்வையும் அவர்தம் உள்மனத்தையும் காணத் தவறுகிறது என்று நுஜாபுலோ நுதெபெலே 1984இல் வாதிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அவருடைய 'ஃபூல்ஸ்' தொகுப்பின் தலைப்புக் கதையில் வெள்ளை ஆட்சி பெரும்பாலும் பின்னணியிலேயே நிற்க, தன் மாணவிக்கே கேடிழைத்த கறுப்பின ஆசிரியர் ஒருவரின் குற்றவுணர்வு முன்னால் வருகிறது.