கருநாடகப் போர்களில் பிரெஞ்சியர் குதிரைப்படை: அளவும் ஈடுசெய்தலும்

போர் வரலாறு எழுதுவோர் களத்தில் நின்ற குதிரைகளின் தொகையை முதற்கண் கூறுவர். அத்தொகை ஒருநாட் கணக்கேயாகும். வீழ்ந்த குதிரைக்கு ஈடாக மற்றொன்று எங்கிருந்து, எத்துணைக் காலத்தில், என்ன விலைக்கு வந்தது என்னும் வினாவிற்கு விடை கண்டாலன்றி ஒரு குதிரைப்படையின் உண்மை வலிமை புலனாகாது. இவ்வினாவைக் கொண்டு 1758 முதல் 1761 வரை தமிழகத்தில் நின்ற பிரெஞ்சியர் குதிரைப்படையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்புமைக்கு நெப்போலியன் காலத்தை நோக்குவோம். அவன் குதிரைப்படை ரெஜிமெண்டுகள் களத்தில் போரிடும்போதே, அவற்றின் ஒரு கூறு தாயகத்தில் தங்கிப் புதிய ஆட்களையும் குதிரைகளையும் பழக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. 1806இல் பிரஷியாவை வென்றபோது, குதிரையின்றி நடந்த வீரர்கள் பகைவரின் குதிரைகளில் ஏற்றப்பட்டனர். இத்துணை ஏற்பாடு இருந்தும், 1812இல் உருசிய நாட்டில் இழந்த குதிரைகளை அவனால் ஈடுசெய்ய இயலவில்லை. காலாட்படையைச் சில திங்களில் திரட்டினான்; குதிரைப்படையை அங்ஙனம் திரட்டல் ஒல்லாதாயிற்று. 1813 மே மாதத்தில் லூட்சன், பவுட்சன் என்னும் இரு களங்களில் வென்றும், ஓடும் பகைவரைத் தொடர்ந்து அழிக்கக் குதிரையின்றி நின்றான். ஐரோப்பா முழுதும் ஆணை செலுத்தியவன் நிலையே இஃதாயின், புதுச்சேரியில் இருந்த லாலியின் நிலையைக் கூறவும் வேண்டுமோ!

தமிழகம் நற்குதிரை பிறக்கும் நிலமன்று. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பாண்டிநாட்டிற்கு ஆண்டுதோறும் இறக்குமதியான குதிரைகளுள் பல மாண்டதையும், அவற்றைப் பேணுவார் இன்மையையும் மார்க்கோ போலோ எழுதியுள்ளான். 18ஆம் நூற்றாண்டிலும் நிலைமை பெரிதும் வேறன்று. கடலில் ஆங்கிலேயர் கை ஓங்கியபின் புதுச்சேரிக்கு அவ்வழியும் அரிதாயிற்று. ஆகவே, பிரெஞ்சியருக்குக் குதிரையை ஈடுசெய்ய எஞ்சிய வழி ஒன்றே: குதிரை உடையாரைக் கூலிக்கு அமர்த்துதல்.

1760 சனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் நிகழ்ந்த போர் இதற்குத் தெளிவான சான்று. ஐர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதியிடம் இருந்த ஐரோப்பியக் குதிரைவீரர் 80 பேரே. நாட்டுக் குதிரைவீரர் 1,250 பேர். லாலியிடமோ ஐரோப்பியக் குதிரைவீரர் 300 பேர் இருந்தனர். முராரி ராவ் அனுப்பிய மராட்டியக் குதிரைகள் ஏறத்தாழ 3,000 வேறு இருந்தன. எண்ணிக்கை நோக்கின் வெற்றி லாலியினுடையதே எனலாம். நிகழ்ந்ததோ வேறு. ஆங்கிலேயரின் இடப்பக்கம் தளர்ந்தது கண்ட லாலி, தாக்குமாறு தன் குதிரைப்படையை ஏவினான். படை அசையவில்லை. தலைவனைச் சிறைப்படுத்துமாறு ஆணையிட்டுத் தானே முன்சென்றான். ஒருவாறு புறப்பட்ட குதிரைகள்மீது இரண்டு பீரங்கிகள் முழங்கின; பத்துப் பதினைவர் வீழ்ந்தனர்; ஏனையோர் திரும்பினர். இதனைக் கண்ட மராட்டியர் போரில் கலவாமலே அகன்றனர்.

இதனைக் கோழைமை என்று எழுதிச் செல்வாரும், லாலிமீது இருந்த வெறுப்பின் பயன் என்பாரும் உளர். வெறுப்பு இருந்தது மெய்யே. பல மாதச் சம்பளம் நிலுவையில் நின்றமையால் 1759 அக்டோபரில் அவன் படை கலகம் செய்தது. எனினும், அதே குதிரைப்படை அன்று மாலை தோற்றோடிய காலாட்படைக்குக் காவலாய் நின்று அதனைப் பின்வாங்கச் செய்தது என்பதையும் உடன்வைத்து எண்ணல் வேண்டும். கோழைகள் அங்ஙனம் நில்லார். குதிரையை இழந்தவன் மறுகுதிரை பெறும் வழியற்றுக் காலாளாவான் என்பதை அவ்வீரர் அறிந்திருந்தனர். ஈடு செய்யப்படாத படை தன்னைச் செலவிட அஞ்சும் என்பதே எம் கருத்து.

வந்தவாசிக்குப்பின் சேத்துப்பட்டு, ஆர்க்காடு, திருவண்ணாமலை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக ஆங்கிலேயர் வசமாயின. 1750இல் புஸ்ஸி கைப்பற்றிய செஞ்சிக்கோட்டை பிரெஞ்சியரிடம் எஞ்சியது. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே கீழ்பென்னாத்தூரைச் சூழ்ந்த ஏரிப்பாசன ஊர்கள் இவ்வாறு இருதிறத்தாருக்கும் நடுவே அகப்பட்டன. குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வேண்டும். அவற்றை விளைப்பவை இத்தகைய ஊர்களே. செஞ்சித் தேசிங்கின் குதிரையை நாட்டுப்பாடல் போற்றுகின்றது. அதற்குப் புல்லறுத்தவனைப் பாடினார் இலர்.

1760 சூனில் லாலி மைசூர் ஐதர் அலியின் துணையை நாடினான். விலை சிறிதன்று, தியாகதுருகக் கோட்டையைக் கொடுத்தான். மக்தூம் அலியின் தலைமையில் வந்த மைசூர்க் குதிரைகள் சூலையில் திருவதிகை அருகே மேஜர் மூரின் படையை முறியடித்தன. ஆயின் ஆகஸ்டில் சீரங்கப்பட்டணத்தில் கண்டே ராவ் ஐதருக்கு எதிராக எழுந்தான். துணைப்படை திரும்பிச் சென்றது. உடையவனுக்கு இடர் நேர்ந்தபோது கூலிப்படை நில்லாது என்பதற்கு வேறு சான்று வேண்டா. 1761 சனவரியில் புதுச்சேரியும் ஏப்ரலில் செஞ்சியும் வீழ்ந்தன.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்று உண்டு. புதுச்சேரி வீழ்ச்சியை ஒட்டி, ஊகல் முதலிய தலைவர்களின்கீழ்ப் பிரெஞ்சுக் குதிரைவீரர் ஒரு தொகுதியினர் சரணடையாது மைசூருக்குச் சென்று ஐதரிடம் பணியேற்றனர். ஐதரிடம் குதிரை கேட்டவர்களின் எச்சப்படை, அவன் படைக்கே நிறைப்பாயிற்று. குதிரையும் தீனியும் சம்பளமும் தரவல்லவனிடம் படை சென்று சேர்ந்தது.

1767 செப்டம்பரில் ஐதரும் நிசாமும் செங்கம் கணவாய் வழியே இறங்கினர். செங்கத்தில் வென்ற கர்னல் ஸ்மித், போரிடையே தன் அரிசியை மைசூர்க் குதிரைகளிடம் பறிகொடுத்துப் பசித்த படையுடன் திருவண்ணாமலையை அடைந்தான். அவ்வூர்ப் புறத்தே செப்டம்பர் 26இல் மீண்டும் வென்று பீரங்கிகள் பலவற்றைக் கைக்கொண்டான். குதிரைகளை அவனால் கைக்கொள்ள இயலவில்லை. 1769இல் ஐதர் 6,000 குதிரைகளுடன் மூன்றரை நாளில் 130 மைல் கடந்து சென்னைக்கு அருகே பரங்கிமலையில் தோன்றினான். ஏப்ரலில் ஆங்கிலேயர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர்.