ரிட்டர்ன் டிக்கெட்

கள்ளக்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம். பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலைத் தட்டைத் தேடிக்கொண்டிருந்த நேரம். கூடத்து மூலையில் மட்டும் ஒரு கூட்டம். நடுவில் என் மச்சினர் மகனும் அவனுடைய புது மனைவியும். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் உத்தியோகம். கல்யாணம் முடிந்த கையோடு ஊட்டி, கொடைக்கானல் என்று போகாமல், ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு ரீயூனியன் என்கிற தீவுக்குப் போய், எரிமலை ஏறிவிட்டு வந்திருந்தார்கள். செல்போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆயாவுக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. “ஏண்டா, மலை ஏறணும்னா இங்க கல்வராயன் மலை இல்லையா? மேகம் அருவி இல்லையா? பொண்டாட்டியக் கூட்டிக்கினு நெருப்பு கக்குற மலைக்கா போவாங்க?”

“அதுல ஒரு த்ரில் ஆயா” என்றான் பையன்.

அந்தப் பெண் என்னிடம் ஒரு படத்தைக் காட்டினாள். கோபுரம். அசல் நம்மூர் கோபுரம். பக்கத்தில் பிரெஞ்சில் பெயர்ப் பலகை. “அங்க நிறைய கோயில் இருக்கு மாமா. ஆனா யாருக்கும் தமிழ் பேச வரலை. பேரு மட்டும் ராமசாமி, முத்துசாமி. இவங்க எப்படி அங்க போனாங்க?”

நல்ல கேள்வி. அவர்களும் முதுகில் மூட்டையோடுதான் போனார்கள். ஜோடியாகப் போனவர்களும் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம். சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்துமகா சமுத்திரத்தில் 2,512 சதுர கிலோமீட்டர் தீவு. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைவிடச் சின்னது. ஆனால், அங்கே பிரான்ஸ் கொடிதான் பறக்கும். கிழக்கு ஓரத்தில் 2,632 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அந்த எரிமலை. பிரெஞ்சில் அதன் பெயருக்கு ‘உலைச் சிகரம்’ என்று அர்த்தம். உலகத்தில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று.

அப்புறம் எப்படி அதன் மேல் ஆட்களை விடுகிறார்கள் என்று கேட்பீர்கள். அதன் சுபாவம் அப்படி. பெரும்பாலும் வெடித்துச் சிதறாது, வழியும். பொங்கல் பானை மாதிரி. குழம்பு பெரும்பாலும் ஆளில்லாத பகுதிக்குள்ளேயே நின்றுவிடும், சில சமயம் கிழக்குச் சரிவில் இறங்கிக் கடலில் கலக்கும். 1979-லிருந்து ஒரு கண்காணிப்பு நிலையம் அதன் நாடியைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் முனகினாலும் உள்ளே போகிற கதவைப் பூட்டிவிடுவார்கள். சாதுவான நாட்களில் ஐந்நூறு படிக்கு மேல் இறங்கி, கறுத்து இறுகிய பாறை வெளியில், கல்லில் அடித்த வெள்ளைப் பெயின்ட் குறியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் உச்சிக்குப் போய்விடலாம். போய்வர ஐந்தாறு மணி நேரம்.

சாது மிரண்டதும் உண்டு. 1977 ஏப்ரலில் குழம்பு வழக்கமான பாதையை விட்டுத் தாண்டி, ஒரு கடலோரக் கிராமத்துக்குள் புகுந்தது. வீடுகள் போயின. அங்கிருந்த மாதா கோயிலை மட்டும் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போய், வாசலோடு நின்றுவிட்டது. முன்கூட்டியே ஜனங்களை வெளியேற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

சரி, கதைக்கு வருவோம்.

1848 டிசம்பர் 20. ரீயூனியனில் அடிமை முறை ஒழிந்தது. சுமார் 62,000 பேர் விடுதலையானார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கை உடைந்தமாதிரி ஆகிவிட்டது. வெட்டுவது யார்? ஆலையில் சாறு காய்ச்சுவது யார்? அவர்கள் கண் பாண்டிச்சேரி பக்கம் திரும்பியது.

அந்தக் கால மேப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், செஞ்சி, கடலூர் எல்லாம் ஒரே தென்னாற்காடு ஜில்லா. ஆள்வது வெள்ளைக்காரன். அதே ஜில்லாவின் கடலோரத்தில் பிரெஞ்சுக்காரன் கையில் பாண்டிச்சேரி. மழை பொய்த்தால், கடன் முற்றினால், ஊரில் இருக்க முடியாமல் போனால், நடந்து போகிற தூரத்தில் கப்பல். அங்கே தரகு மேஸ்திரிகள் காத்திருந்தார்கள். முன்பணம் என்று கொஞ்சம் காசு, வயிற்றுக்குச் சோறு, ‘அஞ்சே வருஷம், திரும்பி வந்துடலாம்’ என்கிற வாக்கு. போதாதா? தென்னாற்காடு மட்டுமில்லை, தஞ்சாவூர் பக்கமிருந்தும், காரைக்கால் துறைமுகம் வழியாகவும் ஜனங்கள் ஏறினார்கள். 1828-ல் ஏனாமிலிருந்து சின்ன அளவில் தொடங்கிய இந்த ஏற்றுமதி, 1880-கள் வரைக்கும் நடந்தது. மொத்தம் ஒரு லட்சம் பேருக்கு மேல்.

நான் பி.காம். கணக்கு என்று வந்துவிட்டால் கை அரிக்கும். ஆண்பிள்ளைக்கு மாசம் பன்னிரண்டரை ஃபிராங்க் சம்பளம். பெண்ணுக்கு ஏழரை. ரூபாய்க்கு இரண்டரை ஃபிராங்க் என்று வைத்தால் அவனுக்கு 5 ரூபாய், அவளுக்கு 3 ரூபாய். இரண்டு பேரும் ஒரு நாள் விடாமல் ஐந்து வருஷம் உழைத்தால் 480 ரூபாய். அரிசி, பருப்பு, உப்பெல்லாம் தோட்டத்துக்காரன் கொடுக்க வேண்டும். போக வர கப்பல் செலவும் கிடையாது. ஏட்டில் லாபம்.

வரவுப் பக்கம் சரி. பற்றுப் பக்கம்? முன்பணம் கழிவு. வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தம். காய்ச்சலில் படுத்தாலும் கணக்கு ஓடும். கையில் எப்போதும் ஒரு சின்னப் புத்தகம் இருக்க வேண்டும். எந்த முதலாளியிடம் வேலை, எதுவரைக்கும் என்று அதில் எழுதியிருக்கும். அது இல்லாமல் ரோட்டில் நடந்தால் நாடோடி என்று பிடித்து, தண்டனை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒப்பந்தம் முடிந்தது, ஊருக்குப் போகிறேன் என்றால் கப்பல் வருகிற வரைக்கும் எங்கே இருப்பது? எதைச் சாப்பிடுவது? மறுபடி கையெழுத்துப் போடு என்று நெருக்குவார்கள். கையெழுத்து எங்கே, ரேகைதான். இன்னொரு ஐந்து வருஷம்.

ஜோடி விஷயம் இங்கேதான் வருகிறது. 1861 ஜூலை 1-ம் தேதி பாரீஸில் பிரிட்டனும் பிரான்ஸும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பிரிட்டிஷ் பிரஜைகளை பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கூட்டிப்போக அனுமதி. அதில் ஒரு ஷரத்து: ஒவ்வொரு கப்பலிலும், ஆண்கள் எண்ணிக்கையில் கால்பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். இன்னொரு ஷரத்து: புருஷனையும் பெண்டாட்டியையும் வெவ்வேறு தோட்டத்துக்குப் பிரித்து அனுப்பக் கூடாது. சட்டத்தில் இப்படி எழுதவேண்டி வந்தது என்றாலே, அதற்கு முன்னால் என்னென்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

யோசித்துப் பாருங்கள். கடலே பார்க்காத தென்னாற்காட்டு ஜோடி ஒன்று. ஒரு மாதத்துக்குக் குறையாத பாய்மரக் கப்பல் பயணம். இறங்கியதும் கடலோரத் தனிமை முகாமில் அடைப்பு, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க. பிறகு எரிமலை மண்ணில் விளைந்த கரும்புக் காடு. ராத்திரியில் கிழக்கே வானம் சிவந்தால் அது விடியல் இல்லை, மலை வழிகிறது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

புகார்கள் குவிந்தன. 1877-ல் மேஜர் ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரிட்டன் சார்பிலும், கேப்டன் மியோ பிரான்ஸ் சார்பிலும் தீவுக்குப் போய் விசாரித்தார்கள். 1882-ல் பிரிட்டிஷ் சர்க்கார், போதும் என்று ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஏற்கெனவே போனவர்களில் ஊர் திரும்பியவர்களும் உண்டு. திரும்பாதவர்களே அதிகம். 1889-ல் வந்த குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளை பிரெஞ்சுக்காரர்கள் ஆக்கியது. அப்பன் பேர் குடும்பப் பெயராக நின்றது. பாஷை மெல்லப் போயே போய்விட்டது.

எல்லாம் போனதா என்றால், இல்லை. முருங்கைக் கீரைக்கு இன்றும் அங்கே ‘மூரூம்’ என்றுதான் பேர். மசாலா ‘மசாலே’. ராத்திரி முழுக்க நடக்கிற கூத்துக்குப் பெயர் ‘நார்ல்கோன்’. நாடகம்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, தீமிதி. ‘பாண்டியாலே’ என்கிற அம்மனுக்கு விரதமிருந்து, மஞ்சள் கட்டி, தணலில் இறங்குகிறார்கள். யார் அந்த பாண்டியாலே? பாஞ்சாலி. நம் திரௌபதி அம்மன்தான். செஞ்சியைச் சுற்றி, தென்னாற்காடு முழுக்கப் பாரதக் கூத்தும் தீமிதியுமாகக் கும்பிடுகிற அதே அம்மன். மூட்டையில் சாமான் குறைவாக இருந்திருக்கலாம். அம்மனை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

ஊரிலேயே இருந்திருந்தால் சுகமாக இருந்திருப்பார்களா என்று கேட்டால், அதற்கும் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. ஆயா சொன்ன கல்வராயன் மலை. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக அந்த மலை இருந்தது. ஜாகிர்தார் கூப்பிட்டால் மலை ஜனங்கள் போய்க் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். ஜாகிரை ஒழிக்கும் சட்டம் 1963-லேயே வந்தும், வழக்குகள் முடிந்து சர்க்கார் கைக்கு மலை வந்தது 1976-ல். சுதந்திரம் மலை ஏற 29 வருஷம்! 2024-ல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் அந்த மக்களின் நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தக் கதையே தெரியவந்தது. ரீயூனியன் போனவனுக்காவது காகிதத்தில் ஐந்து வருஷம் என்று ஒரு கெடு இருந்தது. இங்கே அதுவும் கிடையாது.

இதையெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். பையன் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான். “அப்ப என்ன மாமா வித்தியாசம்னீங்க?” என்றாள் அந்தப் பெண்.

“உங்க பையில ரிட்டர்ன் டிக்கெட் இருந்துச்சு இல்லம்மா. அதான்.”

மூட்டை தூக்கிக்கொண்டு மலை ஏறுவதில் தப்பே இல்லை. திரும்பி வர வழி நம் கையில் இருந்தால் அது உல்லாசம். இன்னொருத்தன் கையில் இருந்தால் அதற்குப் பேர் வேறு.

ஆயா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார். “அந்த ஜனமெல்லாம் இன்னும் தீ மிதிக்குதாடா?”

“மிதிக்குது ஆயா.”

“அப்ப நம்ம ஜனந்தான்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கோபுரப் படத்தை இன்னொரு தரம் காட்டச் சொன்னார்.