போய் வந்தவர்களும் போகாதவரும்

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்கு அருகே ஏலாக்குறிச்சி என்றோர் ஊர் இருக்கிறது. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூரோடு பிரிந்து போய், 2007இல் அரியலூரோடு தனியே வந்தது. (இடையில் 2001இல் ஒருமுறை பிரிந்து, மறு ஆண்டே திரும்பச் சேர்ந்த கதையும் உண்டு.) தமிழ் படித்தவர்களுக்கு இவ்வூர் திருக்காவலூர் என்ற பெயரில் பழக்கமானது. அப்பெயரை இட்டவர் வீரமாமுனிவர். தாம் அங்கே எழுப்பிய அடைக்கல மாதா கோயிலை முன்னிட்டுக் கலம்பகமும் பாடினார்.

இன்று இரண்டு வாரம், மூன்று வாரம் என்று ஊழியப் பயணமாக வெளிநாடு போய்த் திரும்புகிறவர்கள் பலர். திரும்பியபின் சொந்த வீட்டுச் சோறும் பேச்சும் சில நாட்களுக்கு அந்நியமாகத் தோன்றுகின்றன என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடல் கடக்கவே ஆறேழு மாதங்கள் பிடித்த காலத்தில், சமயப் பணிக்காக வந்தவர்களுக்கு ஊர் திரும்புதல் என்னவாக இருந்தது? ஏலாக்குறிச்சியை வைத்துக்கொண்டு இக்கேள்வியைச் சற்றே யோசிக்கலாம்.

இயேசு சபையின் மதுரை மிஷனுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போகவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நோபிலி, ஐம்பது ஆண்டு கழித்து மயிலாப்பூரில்தான் கண்மூடினார். போய்வந்தவர்களுள் நம் நினைவில் முதலில் நிற்பவர் அருளானந்தர் எனப்பட்ட ஜான் தெ பிரிட்டோ. லிஸ்பனில் 1647இல் பிறந்து, அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தவர். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, உயிர் தப்பினார். மேலிடம் அவரை மிஷனின் பிரதிநிதியாகப் போர்த்துகலுக்கு அனுப்பியது. 1687இல் லிஸ்பனில் போய் இறங்கியபோது, பால்யத் தோழர் அங்கே மன்னராக இருந்தார். தம் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே தங்கிவிடுங்கள் என்று மன்னர் கேட்டார். உறவு, அரசனின் நட்பு, பதவி எல்லாம் எதிரே இருந்தன. அருளானந்தரோ தமிழ்நாட்டில் பழகிய மரக்கறி உணவையே அங்கும் கைக்கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கின்றனர். எமக்கு இச்சிறு செய்தி மன்னரின் வேண்டுகோளைக் காட்டிலும் முக்கியமாகப் படுகிறது. பிறந்த நாட்டில் அவர் விருந்தாளியாகிவிட்டார். 1690இல் மீண்டும் கப்பல் ஏறினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது.

வீரமாமுனிவருக்கு அப்படியொரு பயணமே வாய்க்கவில்லை. வட இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, முப்பது வயதில் இந்தியக் கரையை அடைந்தார். 1747இல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. அவரது வாழ்வின் வளமான ஆண்டுகள் ஏலாக்குறிச்சியைச் சுற்றியே கழிந்தன. அரியலூர் மழவராயரின் நோயை அவர் தீர்த்ததாகவும், பாளையக்காரர் கோயிலுக்கு நிலம் விட்டதாகவும் ஊர் மரபு சொல்கிறது. மரபின் ஒவ்வொரு விவரத்தையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் தஞ்சை நாட்டின் தொல்லைக்குத் தப்பி ஆற்றைக் கடந்தவர்களுக்கு இக்கரை புகலிடம் ஆனதை 'அடைக்கலம்' என்ற பெயரே தாங்கி நிற்கிறது.

வீடு திரும்பாத இம்மனிதரின் காப்பியமான தேம்பாவணி, 3615 விருத்தங்களில், வீடு திரும்புதலையும் பாடுகிறது. காப்பிய நாயகன் வளன், அதாவது சூசை, மனைவியோடும் குழந்தையோடும் எகிப்துக்கு ஓடிப்போகிறான். அந்நிய மண்ணில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறான். பின்பு நாசரேத்துக்குத் திரும்புகிறான். விவிலியத்தில் சில வரிகளே பெறும் எகிப்து வாசம் இங்கே காண்டமளவுக்கு விரிகிறது. கவிஞர் தம் கதையைத்தான் அதில் எழுதினார் என்று சொல்லத் துணிய மாட்டோம். ஆனால் வேற்று நாட்டில் குடியிருப்பதன் சுவையை அறிந்தவர் கை அது என்பதில் ஐயமில்லை. அவர் திரும்பியது மொழிக்குள்தான் போலும்: தொன்னூல் விளக்கம், 1732இன் சதுரகராதி, குறளின் இரு பாலுக்கு லத்தீன் பெயர்ப்பு என்று அப்பட்டியல் நீளும்.

கொடுந்தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் அச்சேறியது தரங்கம்பாடியில். வாழ்நாளெல்லாம் அவர் கண்டித்து எழுதிய லுத்தரன்களின் அச்சகம் அது! அந்தத் தரங்கம்பாடியிலிருந்து 1714இல் சீகன்பால்க் ஐரோப்பா சென்றபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞனையும் உடன் அழைத்துப்போனார். தமிழ்ப் பேச்சு நாவிலிருந்து நழுவாதிருக்க ஒரு துணை வேண்டியிருந்தது. கப்பலிலேயே ஓர் இலக்கணம் உருவாகி, 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் 'கிராமாட்டிகா தமுலிகா' என்று வெளிவந்தது. அதே ஆண்டு சீகன்பால்க் புது மனைவியோடு தமிழ்க் கரைக்கு மீண்டார்.

நாம் தேடிய ஆள் உண்மையில் மலையப்பன்தான் என்று தோன்றுகிறது. அருளானந்தரும் சீகன்பால்கும் 'திரும்பினார்கள்' என்கிறோமே, அவர்கள் திரும்பியது பிறந்த ஊரிலிருந்து பணிபுரிந்த ஊருக்கு. மலையப்பனோ சமயப் பணியின் பொருட்டு அயல்நாடு போய், அதன் குளிரையும் தெருக்களையும் கண்டு, பெற்றோர் ஊருக்கே திரும்பிய தமிழன். மிஷன் வரலாறுகளில் அவனுக்குக் கிடைத்த இடமோ துணைக்குப் போனவன் என்ற அளவே. வீரமாமுனிவருக்கு 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தோம்; அது தகும். ஹாலே இலக்கணத்தின் முகப்பில் ஆசிரியர் பெயராகச் சீகன்பால்க் ஒருவரே காணப்படுகிறார். அந்த நூலிலுள்ள தமிழ் ஒலிகளுள் எத்தனை, கப்பல் தட்டில் மலையப்பன் வாயிலிருந்து வந்தவையோ!