பர்சன்ட் மட்டும் பாத்தா போதுமா?

மே மாசம் ரிசல்ட் வந்துட்டா, டவுன்ல இருக்குற சொந்தக்காரங்க போன் போட்டுக் கேட்குற முதல் கேள்வி: "உங்க ஊரு கவர்மெண்ட் ஸ்கூல் எத்தனை பர்சன்ட்டு?" நான் திருப்பிக் கேட்பேன், "அங்க இப்ப யாரு படிக்கிறான்னு தெரியுமா?"

கொஞ்சம் பழைய கதை சொல்றேன். எங்க அய்யா சின்னப் பையனா இருந்தப்ப, 1953-ல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில்னு ஒரு திட்டம் கொண்டு வந்தார். அடுத்த வருசமே காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது போச்சு. பின்னாலயே மதிய உணவும் வந்துச்சு. ஆனாலும் அய்யா அஞ்சாவதைத் தாண்டல. உயர்நிலைப் பள்ளிக்கு அஞ்சு மைல் நடக்கணும், வீட்ல ஆடு மேய்க்க ஆள் வேணும்.

எம்.ஜி.ஆர். சத்துணவு 1982 சூலை 1-ல் தொடங்குனப்ப சின்னப் பிள்ளைகளுக்குத்தான். 1984-ல் பத்தாவது வரைக்கும் நீட்டுனாங்க. அப்ப நான் ஒன்பதாவது. எங்க வகுப்புல முன்னாள் மணியக்காரர் வீட்டுப் பையன், பலசரக்குக் கடைக்காரர் பையன், காட்டு வேலைக்குப் போறவங்க பையன், எல்லாருமே இருந்தோம். பொம்பளப் பிள்ளைக மட்டும் எட்டாவதோட பாதிப்பேரு நின்னுட்டாங்க. பத்தாவதுல நெறையப் பேரு பெயிலு. பர்சன்ட் மோசம்தான். ஆனா ஊரே அங்க படிச்சது.

அப்புறம் வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக பெருகுச்சு, கையில காசு பொழங்குச்சு. இங்கிலீஷ் மீடியம் வேன் ஊருக்குள்ள வந்துச்சு. இன்னொரு பக்கம், வீட்டுக்கு நாலு பிள்ளைங்கிறது ரெண்டாச்சு, ஒண்ணாச்சு. 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரி 1.8 பிள்ளைதான். பொறக்குறதே கொஞ்சம், அதுலயும் வசதியுள்ளது வேன்ல ஏறிடுச்சு.

மிச்சம் யாரு? கூலிக்காரங்க பிள்ளைக, அப்பா இல்லாத பிள்ளைக, மில்லு வேலைக்கு வந்த வடக்கத்தியாரு பிள்ளைக. பொண்ணுக கூட்டம் அதிகம். ஏன்னா வீட்ல பையனுக்கு வேன், பொண்ணுக்கு கவர்மெண்ட் பஸ்.

நானும் அதைச் செஞ்சவன்தான். வெங்காயத்துல வந்த காசைப் பையனுக்கு ஃபீஸா கட்டுனேன். பொண்ணு அரசுப் பள்ளியில படிச்சா. பிளஸ் டூவுல அவ மார்க்குதான் கூட. இன்னைக்கும் அதை வச்சு என்னைக் குத்திக் காட்டுவா. நான் வாயே திறக்கிறதில்ல.

2023-ல் திண்டுக்கல் அண்ணாமலையார் மில்ஸ் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில ஒரு தச்சர் மகள் பிளஸ் டூவுல 600-க்கு 600 எடுத்தா. அது அரசு உதவி பெறும் பள்ளி. மாநிலமே திரும்பிப் பாத்துச்சு. அவளுக்குக் கை தட்டுவோம். ஆனா அந்த ஒரு பிள்ளையை வச்சு "பாருங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லிடக் கூடாது.

இனிமே உங்க சொந்த ஊருப் பள்ளி ரிசல்ட் வந்தா, பர்சன்டோட இன்னொண்ணும் கேளுங்க. ஆறாவதுல எத்தனை பிள்ளைக சேந்துச்சு, அதுல எத்தனை பிள்ளைக பிளஸ் டூ பரீட்சை வரைக்கும் வந்துச்சு? பாதியில நின்ன பிள்ளை எந்தப் பர்சன்ட்லயும் வராது. அது பருத்திக் காட்டுலயோ மில்லுலயோ நிக்கும்.