உளி மரபு காத்த பெருந்தச்சர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காய் வாணிபத்தால் பெயர்பெற்ற திருவூராகும். ஊருக்கு மேலே, போடிமெட்டைக் கடந்து விரியும் ஏலமலையில், ஏலச்செடி வெட்டவெயிலில் தனித்து வாழ்வதில்லை; பெருமரங்களின் நிழலிலேதான் தழைத்துக் காய்க்கின்றது. திருக்கோயிற் கலைகளின் வாழ்வும் அத்தகையதே. ஆதரிப்போரின் நிழல் உள்ளவரை அவை தழைக்கும். நிழல் நீங்கின் வாடும். போடி ஜமீன் அரண்மனைச் சுவர்களிலே இராமாயணக் காட்சிகள் வண்ண ஓவியங்களாக மலர்ந்ததும் அத்தகைய நிழலினால்தான்.

மன்னர்கள் மறைந்தனர். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்களும் ஒழிந்தன. அதன்பின் சிற்பியைப் புரப்பவர் யார்? தந்தையிடம் மைந்தன் கற்றுவந்த தொழில் நூல்களை இனி யார் ஓதுவர்? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் பத்மபூஷண் வை. கணபதி ஸ்தபதி அவர்கள்.

நகரத்தார் பெருமக்களின் திருப்பணியால் சிறந்த பிள்ளையார்பட்டியில், 1927 ஆம் ஆண்டு, வழிவழி வந்த ஸ்தபதியர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் வைத்தியநாத ஸ்தபதி. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்று பட்டம் பெற்ற மைந்தர், பழநித் தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயிலில் ஸ்தபதியாகப் பணியேற்றார். கணிதம் கற்றவர் சிற்பத்திற்கு வந்தது வியப்பன்று. தாளம், அங்குலம் என்னும் அளவுகளின்றித் திருவுருவம் இல்லை. கோலளவின்றிக் கோயிலும் இல்லை.

1957 ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் தோன்றியது. அதன் முதல் தலைவராக வைத்தியநாத ஸ்தபதி அமர்ந்தார். அவருக்குப் பின் கணபதி ஸ்தபதி, பழநிப் பணியைத் துறந்து, அப்பொறுப்பை ஏற்று, 1988 வரை நடத்தினார். குடும்பத்துக்குள் வழங்கிய மரபு ஆங்கே பாடத்திட்டமாயிற்று. கல், சுதை, மரம், உலோகம், ஓவியம், ஆலயக் கட்டடம் ஆகியவற்றை மாணவர்கள் முறையாகக் கற்கலாயினர். தமிழில் 'சிற்பச் செந்நூல்' என்னும் நூலையும் அவர் இயற்றினார்.

அவர் வகுத்த பணிகள் பல. திருவாரூர்த் தேரை நினைவூட்டும் சென்னை வள்ளுவர் கோட்டம் 1976 இல் திறக்கப்பெற்றது. குமரிமுனையில் 2000 ஜனவரி 1 ஆம் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை 133 அடி உயரமுடையது. பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், திருவுருவத்தின் 95 அடி ஏனைய இரு பால்களின் 95 அதிகாரங்களையும் குறிக்கும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை மோதியபோதும் அக்கற்பணி அசையாது நின்றது. கடல் கடந்த ஹவாய்த் தீவிலும், அவர் வகுத்த திட்டப்படி, உளியால் செதுக்கிய கற்களைக் கொண்டு இறைவன் கோயில் எழுந்தது. அதன் குடமுழுக்கு நடைபெற்ற 2023 ஆம் ஆண்டில் அவர் இல்லை; 2011 ஆம் ஆண்டிலேயே இறையடி சேர்ந்தார். ஆயினும் அவர் வரைந்த அளவு இருந்தது. அதனை அறிந்த கைகளும் இருந்தன.

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் உளங்கொள்ள வேண்டிய உண்மை இதுவே. புதுமெருகு வேண்டி, மணலை விசையுடன் பீய்ச்சிப் பழந்தூண்களைத் துலக்கினால், சிற்பத்தின் நுண்மையும் கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்துபோம். பழைய ஓவியத்தின்மீது வெள்ளையடித்தால், முன்னோர் கைவண்ணம் ஒரு பொழுதில் மறைந்துபோம். மறைந்ததனை எவ்வளவு பொன் கொடுத்தும் மீட்டல் அரிது. ஆதலின் பணத்தை அளிப்பதோடு அமையாது, பயின்ற ஸ்தபதியின் சொல்லுக்குச் செவி சாய்த்தலும், அவர் கேட்கும் காலத்தை அளித்தலும் திருப்பணியேயாகும்.

ஏலமலைச் சரிவிலே நிழல்மரத்தை வெட்டிவிட்டு விளைவை எதிர்நோக்கும் தோட்டக்காரர் இலர். கோயில் வளர விரும்புவோரும் கலைஞனுக்கு நிழலாதல் வேண்டும். கும்பத்து நீர் விமானத்தைக் குளிர்விக்கும் இந்நன்னாளில், உளி பிடித்த கைகளுக்கும் இறைவன் திருவருள் பெருகுவதாக!