கோப்பி எலியும் தோட்டத் தொழிலாளியும்: நடத்தையியல் நோக்கிலொரு வரலாற்றுக் குறிப்பு

விலங்கு நடத்தையியலுக்கும் மலையகத் தொழிலாளர் வரலாற்றுக்கும் யாது தொடர்பு என்னும் வினா எழல் இயல்பே. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற அரசிற் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய நூலிற் கோப்பி எலி குறித்துக் கூறுவன இத்தொடர்பைத் துலக்குகின்றன.

மரவேர்களிடையே கூடமைத்து வாழும் இவ்வெலி, காட்டில் நெலு விதை அருகியவிடத்துத் திரளாகத் தோட்டங்களுட் புகுந்து கோப்பி அரும்பையும் பூவையும் தின்றது. ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதுண்டு என்கிறார் அவர். இறம்பொடை முதலாய பகுதிகளிற் காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்ட காலம் அது.

நெலு, சங்கப் புலவோர் மலைநிலத்துக்குப் பெயராக்கிய குறிஞ்சியின் இனத்தது. நீண்ட இடைவெளியின் பின் ஒருங்கே பூத்து, விதை சொரிந்து மடிவது. உண்ணும் உயிர்களால் உண்டு தீராத அளவில் விதை சொரிவதாற் சில பிழைக்கின்றன. இவ்வியல்பு இயற்கைத் தேர்வின் விளைவு என மூங்கில் குறித்து 1976இல் டானியல் ஜான்சன் விளக்கினார். விதை மிகுந்தபோது பெருகும் எலி, விதை தீர்ந்ததும் இடம்பெயர்கின்றது. ஒரு நடத்தையின் உடனடிக் காரணம், தனியுயிரில் அதன் வளர்ச்சி, பிழைத்தலில் அதன் பயன், அதன் கூர்ப்பு வரலாறு என 1963இல் நிக்கோ டின்பெர்கன் வகுத்த நான்கு வினாக்களுள், முதலாவதற்கேனும் டெனன்ட் சரியான விடை கண்டார் எனலாம்.

ஆயின் அடுத்து அவர் கூறுவதே நம் கவனத்துக்குரியது. தென்னிந்தியத் தொழிலாளர் எலியிறைச்சியிற் பெருவிருப்பினர். ஆதலின் எலி மிகுந்த தோட்டப் பகுதிகளையே விரும்பினர் என்கிறார். எலியின் இடப்பெயர்வுக்கு உணவுப் பற்றாக்குறையைக் காரணங்கண்ட அறிஞர், மனிதரின் இடத்தெரிவுக்கு நாச்சுவையைக் காரணமாக்கினார். எலியுண்டமை இழிவன்று, தமிழகத்து வயற்புறங்களிலும் அது வழக்கே. எனினும் எத்தோட்டத்திற் பணிபுரிவது என்பதைக் கங்காணி கொடுத்த முன்பணமும் கடனும் பெரிதும் தீர்மானித்தன. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. இவ்வுற்பத்தி உறவுகள் அவ்விளக்கத்தில் இடம்பெறவில்லை.

எலியின் பெருக்கம் இயற்கையினது. அதனால் யார் பசித்திருப்பர் என்பது சமூகத்தினது. மிசோ மலைகளில் 1958–59இல் மூங்கில் பூத்து எலி பெருகப் பஞ்சம் விளைந்தது. அரசின் அசட்டை கண்டு எழுந்த பஞ்ச நிவாரண இயக்கமே மிசோ தேசிய முன்னணியாகி 1966இற் கிளர்ந்தெழுந்தது.

1869இற் கண்ட இலைநோயாற் கோப்பி அழிந்தது; தேயிலை வந்தது. இன்று அத்தேயிலை மலைகளிற் சிறுத்தையின் நடத்தை ஆராயப்படுகின்றது. விலங்கை அதன் சூழலில் வைத்து நோக்கும் அறிவியல், அதே மலையிற் கொழுந்து பறிப்பவரையும் லயத்தில் வாழ்பவரையும் அவர்தம் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும். டெனன்ட் செய்யாது விட்ட பணி அதுவே.