குண்டு பல்பை மாத்துனா கரண்ட் பில்லில் கழிவு கிடைக்குமா? நெல்லை கடைக்காரர்களுக்கு முழு விவரம்

நெல்லை: "எல்.இ.டி. லைட்டுக்கு மாறினால் ஈ.பி. ஆபீஸ்ல ரிபேட் தர்றாங்களாமே, உண்மையா?" டவுன் ரத வீதி முதல் பாளை மார்க்கெட் வரை கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் பல பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் யாவாரம் பார்த்தே பேர் வாங்கிய இருட்டுக்கடை இருக்கும் ஊர் இது. ஆனால் எல்லாக் கடைக்கும் அது ஒத்துவராது. துணிக்கடை, நகைக்கடை, சலூன், டெய்லர் கடை எதுவானாலும் வெளிச்சம் இருந்தால்தான் கூட்டம் வரும். அந்த வெளிச்சத்துக்கு எவ்வளவு காசு போகிறது, அதில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், யாருக்கு மானியம் உண்டு என்ற விவரம் இதோ...

ரிபேட் என்றால் என்ன?

பழைய லைட்டைக் கழற்றிவிட்டு கரண்ட் குறைவாக இழுக்கும் லைட்டைப் போட்டால், செலவில் ஒரு பங்கை மின்சாரக் கம்பெனியே திருப்பித் தருவதுதான் ரிபேட். அமெரிக்காவில் கடை, ஆபீஸ், குடோன்களுக்கு இப்படித் தருவது பல வருஷப் பழக்கம்.

கரண்டை விற்கிறவனே "குறைச்சு வாங்கு" என்று காசு கொடுப்பானா? கொடுப்பான். காரணம் இருக்கிறது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் வீடு, கடை, தெரு என எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் எரியும். சோலார் கரண்ட் அப்போது கிடையாது. அந்த நேரத்தில் வெளியில் இருந்து வாங்கும் கரண்டின் விலை எகிறும். 2024 மே 2-ந்தேதி தமிழகத்தின் உச்சபட்ச மின் தேவை 20 ஆயிரத்து 830 மெகாவாட்டைத் தொட்டது. கூடுதல் விலைக்கு வாங்கி விற்பதை விட, கடைக்காரனின் லைட்டை மாற்றிக் கொடுப்பது மலிவு. இதுதான் ரிபேட்டின் சூட்சுமம்.

நம்ம நாட்டில் யார் கொடுத்தது?

பெங்களூரில் 2004-05ல் பெஸ்காம் நிறுவனம் சி.எப்.எல். பல்புக்குத் திட்டம் கொண்டுவந்தது. பல்பை வாங்கிவிட்டு, காசை மின் பில்லோடு தவணையில் கட்டலாம்.

மும்பையில் டாட்டா பவர் போன்ற நிறுவனங்கள், 40 வாட் டியூப்புக்குப் பதில் 28 வாட் டி-5 டியூப் போடும் வணிகக் கட்டடங்களுக்குச் சலுகை கொடுத்தன. அங்குள்ள மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியோடு நடந்த திட்டம் இது.

மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரி 5-ந்தேதி தொடங்கியது. இதில் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்பு விற்பனையானது. 9 வாட் பல்பு 70 ரூபாய், 20 வாட் டியூப் 220 ரூபாய் என்று கொடுத்தார்கள். மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதால், 2014ல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. இன்றைக்குப் பெட்டிக்கடையில் கூட எல்.இ.டி. பல்பு மலிவாகக் கிடைப்பதற்கு இது முக்கியக் காரணம்.

நெல்லையில் நிலவரம் என்ன?

நேரடியாகச் சொன்னால், எல்.இ.டி. போட்டதற்காக பில்லில் தனிக் கழிவு என்று தமிழக மின் கட்டணப் பட்டியலில் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலுக்குள்ளேயே ஒரு மறைமுக லாபம் ஒளிந்திருக்கிறது. சின்னக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

கடைகளுக்கு வணிக இணைப்பு, அதாவது டேரிப்-5. வீட்டுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இதற்குக் கிடையாது. 2024 ஜூலை கட்டண உயர்வில், 2 மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு ரூ.6.45 என்றும், 100ஐத் தாண்டினால் ரூ.10.15 என்றும் ஆனது. தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் அல்ல, முதல் யூனிட்டில் இருந்தே பெரிய ரேட்தான். (இப்போதைய ரேட்டை உங்கள் பில்லிலேயே பார்த்துக்கொள்ளலாம்.)

டீக்கடை கணக்கு

ஒரு சின்ன டீக்கடை. காப்பர் சோக் வைத்த பழைய டியூப் 3. டியூப் 40 வாட், சோக் 12 வாட், ஆக ஒவ்வொன்றும் 52 வாட். தினம் 6 மணி நேரம் எரிகிறது. 60 வாட் குண்டு பல்பு 2, தினம் 4 மணி நேரம். 75 வாட் பேன் 1, தினம் 8 மணி நேரம்.

2 மாதத்துக்கு டியூப் 56 யூனிட், குண்டு பல்பு 29, பேன் 36. மொத்தம் 121 யூனிட். 10.15 ரேட்டில் ரூ.1,228.

டியூப்புக்கு 20 வாட் எல்.இ.டி. பட்டியும், குண்டு பல்புக்கு 9 வாட் எல்.இ.டி.யும் போட்டால்? டியூப் 22 யூனிட், பல்பு 4, பேன் அதே 36. மொத்தம் 62 யூனிட். 100க்குள் வந்துவிட்டதால் ரேட்டும் 6.45 ஆகிவிடும். பில் ரூ.400 மட்டுமே.

ஒரு பில்லில் மிச்சம் ரூ.828! பட்டி ஒன்று 250 ரூபாய், பல்பு 100 ரூபாய் என்று வைத்தால் மொத்தச் செலவு ரூ.950. இரண்டாவது பில்லுக்குள் போட்ட காசு வந்துவிடும். அதன்பிறகு வருவதெல்லாம் கல்லாப்பெட்டிக்கு.

பெரிய கடைக்கு...

20 டியூப் போட்ட பலசரக்குக் கடை, தினம் 12 மணி நேரம் எரிகிறது என்று வைப்போம். ஒரு டியூப்புக்கு 32 வாட் மிச்சம். 20 டியூப்புக்கு 640 வாட். 2 மாதத்தில் 460 யூனிட். ரூபாயில் 4 ஆயிரத்து 600க்கு மேல். 20 பட்டிக்குச் செலவு ரூ.5 ஆயிரம், எலக்ட்ரீசியன் கூலி தனி. இதுவும் இரண்டு பில்லில் தேறிவிடும்.

இதோடு இன்னும் சில லாபம் உண்டு:

* யூனிட் குறைந்தால் அதன் மேல் போடும் 5 சதவீத மின்சார வரியும் குறையும்.

* வணிக இணைப்புக்கு கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய்க்கு மேல் நிலைக்கட்டணம் உண்டு. லைட்டை மாற்றி லோடு குறைந்தால், ஒப்பந்த மின்பளுவைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுக்கலாம். 1 கிலோவாட் குறைந்தால் ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் ஏ.சி., பிரிட்ஜ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் குறையுங்கள். குறைத்துவிட்டு அதிகமாக இழுத்தால் வம்பு.

* எல்.இ.டி.யில் சூடு கம்மி. ஏ.சி. போட்ட ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் ஏ.சி.க்கு வேலை குறையும். நாள் முழுக்க லைட்டுக்கு அடியில் நின்று யாவாரம் பார்க்கும் பிள்ளைகளுக்கும் வெக்கை குறையும்.

* எல்.இ.டி.க்கு ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 12ல் இருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் பில் போட்டு வாங்கினால் அந்த வரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் கட்டுகிறவர்களுக்கு அது கிடையாது.

யாருக்கு மானியம் உண்டு?

பொருள் தயாரிக்கும் சிறு, குறுந்தொழில்களுக்குத் தமிழக அரசின் 'பீஸ்' திட்டம் இருக்கிறது. மின் சிக்கனத் தணிக்கை செய்தால் அந்தச் செலவில் 75 சதவீதம், அதிகபட்சம் ரூ.1 லட்சம் திரும்பக் கிடைக்கும். தணிக்கையில் சொன்னபடி மின் சிக்கன எந்திரம், சாதனம் மாற்றினால் 50 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் மானியம்.

பேட்டை தொழிற்பேட்டை பட்டறைகள், அம்பை பக்கத்து அரிசி ஆலைகள், கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனிகள் எல்லாம் விசாரிக்க வேண்டிய திட்டம் இது. உத்யம் பதிவுச் சான்றோடு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். காசை முதலில் நீங்கள் போட வேண்டும், மானியம் பிறகுதான் வரும். வாங்கி விற்கும் கடைகளுக்கு இது பொருந்தாது.

வாங்கும்போது உஷார்

* வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். வெளிச்சத்தின் அளவு லூமென். அது அட்டையிலேயே இருக்கும். 20 வாட் பட்டி என்றால் 2 ஆயிரம் லூமென் அளவுக்காவது இருக்க வேண்டும்.

* நட்சத்திர முத்திரை பாருங்கள். எல்.இ.டி. பல்புக்கு 2018 ஜனவரி முதல் இது கட்டாயம். பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தள்ளுவண்டியில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வாங்கினால், ஆனி மாசத் தேரோட்டத்துக்குப் போட்டது ஆடி அமாவாசைக்குள் போய்விடும்.

* வாரண்டி அட்டையில் கடை சீல், தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

* பழைய டியூப், சி.எப்.எல். உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைத்து வாய்க்காலில் போட வேண்டாம். அந்தத் தண்ணி தாமிரபரணிக்குத்தான் போகும். இ-கழிவு எடுக்கிறவர்களிடம் உடையாமல் கொடுக்க வேண்டும். பாதரசம் இருப்பதால்தான் 2027க்குள் இந்த டியூப் உற்பத்தியை நிறுத்த உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

ஓ.டி.பி. கேட்டால் கொடுக்காதீங்க!

"உங்களுக்கு ஈ.பி. ரிபேட் வந்திருக்கு, லிங்க்கைத் தொடுங்க" என்று போனில் செய்தி வந்தால் நம்ப வேண்டாம். "பில் கட்டலை, இன்னைக்கு ராத்திரி கரண்ட் கட்" என்று மெசேஜ் அனுப்பி பணம் சுருட்டிய கும்பல்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் மின்னகம் எண் 94987 94987ல் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அடியுங்கள்.

கேட்டால் கிடைக்கும்

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944ல் ஓட ஆரம்பித்தது. கூடங்குளத்தில் தலா ஆயிரம் மெகாவாட்டில் 2 அணு உலைகள் ஓடுகின்றன. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் இந்தச் சீமையில் 2012ல் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தி வைத்து யாவாரம் பார்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மும்பை மாதிரி இங்கேயும் ரிபேட் கொடுக்க சட்டத்தில் வழி இருக்கிறது. மின் தேவை மேலாண்மைக்கான விதிமுறைகளைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2013லேயே வெளியிட்டுவிட்டது. கட்டண உயர்வுக்காக ஆணையம் கருத்துக் கேட்கும்போது, "கட்டணத்தை ஏத்தாதே" என்பதோடு "லைட் மாத்துனா கழிவு கொடு" என்றும் வியாபாரிகள் சங்கங்கள் மனு கொடுக்கலாம்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கு ராத்திரி கடையை அடைக்கும் முன்பு மேலே அண்ணாந்து பார்த்து, சோக் வைத்த டியூப் எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணிக்கையை 32ஆல் பெருக்கி, எரியும் மணி நேரத்தாலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வீணாகிறது என்று தெரிந்துவிடும்.